பல்லகப்பையும் நீர்மட்டமும்: தரையோடு பதிக்கும் கருவிகள் கடந்து வந்த பாதை

ஜேர்மனியில் சொந்தமாக வீடொன்றை வாங்கிக் குடிபுகும் எம்மவர் முதலிற் கைவைப்பது பெரும்பாலும் குளியலறையிலேதான். முந்திய உரிமையாளர் காலத்துப் பச்சையும் மண்ணிறமுமான சுவரோடுகள் கண்ணை உறுத்துகின்றன. ஓடு பதிக்கும் தொழிலாளரைக் கேட்டாலோ அவர் கூறும் தொகை நெஞ்சைத் திடுக்கிட வைக்கின்றது. ஆகவே சனிக்கிழமை காலையில் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு ‘பௌமார்க்ட்’ எனப்படும் கட்டடப் பொருள் அங்காடிக்குச் செல்கின்றனர். அங்கே ஒரு சுவர் நிறையக் கருவிகள் தொங்குகின்றன. பல்வெட்டிய தகடுகள், ஓடு வெட்டும் கருவிகள், இறப்பர்ச் சுத்தியல்கள், நீர்மட்டங்கள், பிளாஸ்ரிக் சிலுவைகள் நிறைந்த பைகள். எதை வாங்குவது, எதை விடுவது என்று அறியாது, விலை கூடியது நல்லதாயிருக்கும் என்ற நம்பிக்கையில் வண்டியை நிரப்பிக்கொண்டு திரும்புவோரே அதிகம்.

அச்சுவரிலே தொங்கும் ஒவ்வொரு கருவியும் ஒருகாலத்தில் யாரோ ஒரு தொழிலாளியின் கைப்பழக்கமாக இருந்தது. ஆசான் ஒருவரிடம் பல ஆண்டுகள் நின்று பயின்ற அந்தப் பழக்கம் முதலில் தொழிற்சாலைக்குள்ளும், பின்னர் சாந்துமாப் பொதிக்குள்ளும், இரும்புத் தகட்டில் வெட்டிய பற்களுக்குள்ளும் சென்று குடியேறியது. ஆயினும் அது முழுவதும் குடிபெயர்ந்து விடவில்லை. எது போயிற்று, எது இன்னும் மனிதன் கையிலே தங்கியிருக்கின்றது என்பதை அறிந்துகொண்டால், எதற்குப் பணத்தைச் செலவிடுவது, எதற்குப் பொறுமையைச் செலவிடுவது என்பதும் தெளிவாகும். அந்த வரலாற்றையே இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

சொற்களைப் பற்றி முதலிற் சிறிது கூறவேண்டும். எம்மவர் ‘ரைல்ஸ்’ என்றும், சில வீடுகளில் ‘மாபிள்’ என்றும் வழங்குவதை நாம் தரையோடு, சுவரோடு என்றே எழுதுகின்றோம். மாபிள் என்பது வெட்டியெடுத்த கல். நாம் பேசுவதோ பெரும்பாலும் சுட்ட மண். மேசன்மார் கையாளும் கரண்டிக்கு யாழ்ப்பாணத்திலே சாந்தகப்பை என்று பெயர், அதாவது சாந்தை அள்ளும் அகப்பை. வியப்பு என்னவெனில் ஜேர்மன் மொழியிலும் அக்கருவிக்கு வழங்கும் ‘கெல்லெ’ என்ற சொல்லுக்குச் சமையலறை அகப்பை என்பதே மற்றைய பொருள். கறி அள்ளும் கருவியிலிருந்து சாந்து அள்ளும் கருவிக்குப் பெயர் பெற்றதில் இரு மொழியினரும் ஒரே வழியிற் சென்றுள்ளனர். பற்கள் வெட்டிய தகட்டை இங்கே ‘சான்கெல்லெ’ என்கின்றனர். ‘சான்’ என்றால் பல். எனவே அதனைப் பல்லகப்பை என்று நாம் அழைத்தாற் பிழையில்லை.

இந்நாட்டிற் கண்டெடுக்கப்பட்ட பழைய பதிதரைகளுள் மிகச் சிறந்தவை உரோமர் விட்டுச்சென்றவை. 1852ஆம் ஆண்டில், மோசல் ஆற்றங்கரையிலுள்ள நென்னிக் என்ற ஊரிலே விவசாயி ஒருவர் நிலத்தைத் தோண்டியபோது, கிளாடியேற்றர் என்னும் மல்லர்களையும் விலங்குகளையும் சித்திரித்த சிறுகற்றரை ஒன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ 160 சதுர மீற்றர் பரப்பு. சுமார் 30 இலட்சம் சிறுகற்கள். அது அமைந்த இடத்திலேயே இன்றும் காட்சிக்கு இருக்கின்றது. கொலோன் நகரின் தேவாலயத்துக்கு அருகே 1941இல், விமானக் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்குமிடம் தோண்டியவர்கள் மற்றொரு தரையைக் கண்டனர். உரோமரின் மதுத்தெய்வத்தைக் காட்டும் அத்தரையைச் சுற்றியே பின்னர் நூதனசாலை எழுந்தது. பதுங்குகுழி தோண்டிப் பழகிய எமது மக்களுக்கு, அவ்வாறு தோண்டிய குழியிலிருந்து இவ்வளவு அழகு வெளிவந்த செய்தி ஒரு விநோத உணர்வைத் தரக்கூடும்.

அந்த உரோமத் தொழிலாளியிடம் இருந்த வெட்டுங்கருவிகள் இரண்டே: மரக்குற்றியில் நிமிர்த்திச் செருகிய ஓர் உளி, இருபுறமும் கூரிய ஒரு சுத்தியல். உளிமுனையிற் கல்லை வைத்து மேலிருந்து தட்டினால் அது பிளக்கும். இடக்கை விரல்களுக்கும் சுத்தியலுக்கும் இடையே உள்ள அரை அங்குலமே அவர் தொழிலின் முழு இரகசியம். தரையின் அடித்தளம் எவ்வாறு அமையவேண்டும் என்பதை கி.மு. முதலாம் நூற்றாண்டினரான விற்றுறூவியஸ் தமது கட்டடக்கலை நூலின் ஏழாம் பகுதியில் விரிவாக எழுதிவைத்தார். கைப்பிடியளவு கற்கள் முதலடுக்கு. உடைகற்களும் சுண்ணாம்பும் மூன்றுக்கு ஒன்றாய்க் கலந்து, பலர் கூடி மரத்தண்டுகளால் இடித்திறுக்கியது இரண்டாமடுக்கு. ஓட்டுத்தூளும் சுண்ணாம்பும் கலந்தது மூன்றாமடுக்கு. அதன்பின்பே ஓடு. பதித்து முடித்ததும் விளிம்பொன்றும் காலில் இடறாதவாறு முழுத்தரையையும் தேய்க்கவேண்டும் என்றும் அவர் கூறுகின்றார். அவர் ஓட்டைப்பற்றி எழுதியதைவிட ஓட்டின் கீழே இருப்பதைப்பற்றி எழுதியது அதிகம் என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

கூலியையும் குறிப்பிடுதல் தகும். கி.பி. 301இல் டயோகிளீசியன் மன்னன் வெளியிட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையிலே, சுவரிற் சிறுகல் பதிப்பவனுக்கு நாளொன்றுக்கு 60 டெனாரி, தரையிற் பதிப்பவனுக்கு 50, உருவ ஓவியனுக்கு 150 என்று எழுதப்பட்டுள்ளது. குனிந்து வேலைசெய்பவனுக்கு நிமிர்ந்து வேலைசெய்பவனைவிடக் குறைவு என்ற நியதி அப்போதே இருந்திருக்கின்றது.

இடைக்காலத்தை நாம் விரைந்து கடக்கலாம். மடாலயங்களிலும் அரண்மனைகளிலும் ஓடு பதிக்கப்பட்டது. ஒல்லாந்தின் டெல்வ்ற் நகர் நீலவண்ண ஓடுகளால் புகழ்பெற்றது. எனினும் கருவிகளில் பெரிய மாற்றமில்லை. கையால் அமுக்கிச் சூளையிற் சுட்ட ஓடு ஒன்றுபோல் ஒன்று இராது. ஒன்று சற்று வளைந்திருக்கும், மற்றொன்று தடித்திருக்கும். இந்தக் கோணலை நேராக்குவது பதிப்பவனின் கையும் கண்ணும் கீழேயுள்ள தடித்த சாந்தும்தான்.

பெருமாற்றம் 1840இல் இங்கிலாந்திற் தொடங்கியது. றிச்சேட் புறொசர் என்பவர் ஏறக்குறைய உலர்ந்த களிமண் தூளை இரும்பு அச்சில் அழுத்திப் பொத்தான் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். ஸ்ரோக் நகரின் பீங்கான் உற்பத்தியாளர் ஹேர்பேட் மின்ரன் அதனை உடனே ஓடு செய்யப் பயன்படுத்தினார். ஈரக்களிமண் காயும்போது சுருங்கி வளையும். உலர்தூளில் நீர் குறைவாதலால் வளைவும் குறைவு. ஒரே அளவும் ஒரே தடிப்பும் உள்ள ஓடுகள் ஆயிரக்கணக்கில் வெளிவரலாயின. ஜேர்மனியில் இப்பணியை முன்னெடுத்தது மெற்லாக் ஊரின் வில்லறோய் – பொக் நிறுவனம். நென்னிக்கிலே கிடைத்த உரோமத் தரை மெற்லாக்கிலிருந்து தொலைவில் இல்லை. அதிற் பெருவிருப்புக் கொண்ட ஒய்கென் பொக், அத்தகைய தரையை இயந்திரத்தால் செய்யமுடியுமா என்று முயன்று, 1869இல் தனியாக ஓர் ஓட்டுத் தொழிற்சாலையையே நிறுவினார். கொலோன் தேவாலயத்தின் கர்ப்பக்கிருகப் பகுதியில் இன்று நாம் காணும் சித்திரத்தரை 1885 முதல் 1899 வரை அந்நிறுவனத்தாரின் துண்டுகளால் அமைக்கப்பட்டதே. இவ்வாறு, ஓட்டைச் சமப்படுத்தும் திறமை கையிலிருந்து அச்சுக்குள் புகுந்தது. இதுவே முதலாவது குடிபெயர்வு.

அக்கால ஐரோப்பிய ஓடுகள் தமிழ் மண்ணுக்கும் கப்பலேறின. செட்டிநாட்டு மாளிகைகளில் இங்கிலாந்தினதும் ஜப்பானினதும் ஓடுகள் பதிக்கப்பட்டன. அங்கேயே ஆத்தங்குடி என்னும் ஊரில், கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சீமெந்தை வார்த்து, சுடாமலே ஓடு செய்யும் கைத்தொழிலும் வளர்ந்து இன்றுவரை நிலைத்துள்ளது. யாழ்ப்பாணத்து நடுத்தர வீட்டுக்கு ஓட்டுத்தரை எட்டவில்லை. சாணி மெழுகிய தரையிலிருந்து அது நேரே சீமெந்துத் தரைக்குத் தாவியது. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபின் அத்தாவல் மேலும் இலகுவாயிற்று. சிவப்புச் சாயமிட்டு, கண்ணாடிபோல் மினுக்கிய அந்தத் தரைகளைச் செய்த மேசன்மாரின் கைத்திறனுக்கு எந்தப் பீங்கான் ஓடும் ஈடாகாது என்பது எமது எண்ணம்.

ஓடு சமமாகியும், அதனைப் பதிப்பது இன்னும் ஆசானின் தொழிலாகவே இருந்தது. காரணம் சாந்து. பழைய முறையில் மணலும் சீமெந்தும் கலந்த சாந்தை ஓரங்குலத்துக்குக் கிட்டிய தடிப்பிற் பரப்பி, நீரில் ஊறவைத்த ஓட்டை அதன்மேல் வைத்து, சாந்தகப்பைப் பிடியால் தட்டித்தட்டி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஓட்டை ஏன் ஊறவைத்தனர்? உலர்ந்த ஓடு சாந்திலுள்ள நீரை உறிஞ்சிவிடும். நீரை இழந்த சீமெந்து இறுகாது, தூளாகவே கிடக்கும். அளவுக்குமீறி ஊறினாலோ ஓடு வழுக்கும். எவ்வளவு ஊறியது, எவ்வளவு தட்டுவது, சாந்து எப்போது பிடிக்கத் தொடங்கும் என்பவற்றை விரல்நுனியால் அறிய ஆண்டுகள் பிடித்தன. சுவரிலென்றால் அது மேலும் கடினம்.

இந்த அறிவைச் சட்டமும் காவல் செய்தது. மெற்லாக் தொழிற்சாலை எழுந்த அதே 1869ஆம் ஆண்டில் வட ஜேர்மன் கூட்டமைப்பின் தொழிற்சட்டம், விரும்பியவர் விரும்பிய தொழிலைச் செய்யலாம் என்று வழிதிறந்தது. ஆனால் 1935இல் நாசி அரசு, ‘மைஸ்ரர்’ எனப்படும் ஆசான் தகைமை உள்ளவரே கைத்தொழிற் பட்டறை நடத்தலாம் என விதித்தது. போரின் பின் அமெரிக்கர் தமது வலயத்தில் அதனை நீக்கினர். 1953இல் மேற்கு ஜேர்மனியின் கைத்தொழிற் சட்டம் அதனை மீண்டும் கொண்டுவந்தது. கதவு இவ்வாறு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. அதைத் திறக்காமலே சுவரேறிக் குதிக்கும் வழியை அதே 1950களில் வேறு சிலர் கண்டுபிடித்தனர். அவர்கள் சட்ட அறிஞர்களல்லர், இரசாயன வல்லுநர்கள்.

1956இல் அமெரிக்க இரசாயனப் பொறியியலாளர் ஹென்றி றொத்பேர்க், இறப்பர்ப் பால் போன்ற திரவத்தைச் சீமெந்துடன் சேர்த்து, சில மில்லிமீற்றர் தடிப்பிலேயே ஓட்டைப் பிடிக்கும் சாந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1957இல் பவாரியாவின் பூர்க்கௌசன் நகரிலுள்ள வாக்கர் நிறுவனம் அத்தகைய பொருளை நீரிற் கரையும் தூளாகவே ஆக்கிவிட்டது. தூளாயின் அதைச் சீமெந்துடனும் மணலுடனும் ஒரே பொதியிற் கட்டலாம். வாங்குபவர் நீர் மாத்திரம் சேர்த்தாற் போதும். இவற்றோடு மரக்கூழிலிருந்து பெறப்படும் செல்லுலோசு வகைப் பொருளும் சேர்க்கப்பட்டது. சுவர்க்கடதாசி ஒட்டும் பசையிலே இருப்பதும் அதன் இனமே. அது சாந்திலுள்ள நீரை ஓடு உறிஞ்சாதவாறு பற்றிக்கொள்கின்றது. எனவே ஓட்டை ஊறவைக்கவும் வேண்டாம், உறிஞ்சும் என்று அஞ்சவும் வேண்டாம். ஆசானின் விரல்நுனி அறிவிற் பாதி 25 கிலோப் பொதிக்குள் அடங்கிவிட்டது. இன்று அப்பொதியின்மேல் காணும் ‘சி 2’ என்ற ஐரோப்பியத் தரக்குறி, அதிகப் பிடிப்பு வலுவைக் குறிப்பது. அதனோடு ‘எஸ் 1’ என்றும் இருந்தால் சற்று வளைந்துகொடுக்கக் கூடியது. தரைக்கடியில் வெப்பக்குழாய் ஓடும் வீடுகளுக்கு அது தேவை.

மெல்லிய சாந்து வந்ததும் புதியதொரு சிக்கல் எழுந்தது. மூன்று மில்லிமீற்றர்த் தடிப்பை அறை முழுவதும் ஒரே சீராகக் கையால் எப்படிப் பரப்புவது? அதற்கு விடையே பல்லகப்பை. தகட்டை அறுபது பாகையளவிற் சாய்த்து இழுத்தால் பற்களுக்கு இடையிலுள்ள வெளியால் மாத்திரம் சாந்து செல்லும். வயலில் வரம்பு கட்டியதுபோல் வரிகள் எழும். பல்லின் அளவே சாந்தின் அளவு. ஓட்டை வரிகளுக்குக் குறுக்காகச் சிறிது அசைத்து அமுக்கினால் வரிகள் சரிந்து ஒன்றோடொன்று கலக்கும். நடுவிலுள்ள காற்று வெளியேறும். சிறுகல் ஓடுகளுக்கு மூன்று அல்லது நான்கு மில்லிமீற்றர்ப் பல், பழைய 15 சதமமீற்றர்ச் சுவரோட்டுக்கு ஆறு, 30 சதமமீற்றர்த் தரையோட்டுக்கு எட்டு முதல் பத்து என்பது பொதுவான கணக்கு. நேர்வரியாக இழுக்காமல் வட்டம் வட்டமாகத் தடவுவோர் பலர். அவ்வட்டங்களில் அடைபட்ட காற்று ஓட்டின்கீழ் வெற்றிடமாகும். தட்டினால் ‘டொக் டொக்’ என்னும். பாரமான பொருள் விழுந்த அன்று ஓடு வெடிப்பது அந்த இடத்திலேதான். அங்காடியில் மிக மலிவான கருவி இது. ஆனால் முழு வேலையும் இதிலேதான் தங்கியுள்ளது. எமது பட்டியலில் இதற்கே முதலிடம்.

இனி வெட்டுதல். ஸ்பெயினின் கற்றலோனியா மாநிலத்தில் றூபி என்ற ஊர் உண்டு. அங்கே பொவாடா சகோதரர்கள் 1951இல் கையால் இயக்கும் ஓடுவெட்டியைத் தயாரிக்கத் தொடங்கினர். இன்று உலகெங்கும் அக்கருவி அவ்வூர்ப் பெயராலேயே அறியப்படுகின்றது. அதன் தத்துவம் கண்ணாடி வெட்டுவோர் முன்னரே அறிந்திருந்ததே. பீங்கானை அறுக்கவேண்டியதில்லை. மேற்பரப்பில் ஒரு மெல்லிய கீறல் இட்டு, கீறலின் இருபுறமும் அமுக்கினால் அது அந்த வழியே முறியும். உரோமத் தொழிலாளியின் உளிக்கும் சுத்தியலுக்கும் இடையே இருந்த அரை அங்குல இரகசியம் இரண்டு தண்டவாளங்களுக்கும் ஒரு சிறு சக்கரத்துக்கும் இடையே புகுந்துவிட்டது. கீறல் ஒரேயொரு முறைதான் இடவேண்டும். மீண்டும் மீண்டும் கீறினால் முறிவு வழிதவறும்.

அச்சக்கரம் இரும்பாயின் ஒருசில ஓடுகளுடன் மழுங்கிவிடும். அதற்குரிய கடிய பொருள் ஜேர்மனியிலேயே பிறந்தது. எசன் நகரின் குறுப் நிறுவனம் 1926இல் தங்குதன் காபைட்டை ‘விடியா’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. ‘வைரம் போல’ என்று பொருள்படும் இரு ஜேர்மன் சொற்களின் சுருக்கமே அப்பெயர். சுவர் துளைக்கும் ஊசியை வயதான ஜேர்மனியர் ‘விடியா’ என்றே இன்றும் கேட்பர். மெய்யான வைரமும் பின்னால் வந்தது. 1954இன் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்றிக் ஆய்வுகூடம் செயற்கை வைரத்தை ஆக்கியதிலிருந்து, வைரத்தூள் பதித்த தட்டு படிப்படியாகச் சாதாரண மனிதனின் கைக்கும் எட்டியது. அதே 1954இல் அக்கர்மன் – சிமிற் என்ற ஜேர்மன் நிறுவனம் அதிவேகக் கோணச் சாணையை வெளியிட்டது. அதன் வணிகப்பெயரான ‘ஃப்ளெக்ஸ்’ இன்று அகராதியிலும் ஏறிவிட்டது. எம்மவர் பட்டறைகளிலும் ‘ஃப்ளெக்சை எடு’ என்பதே பேச்சு. குழாய்க்கு வளைவு வெட்டவும் மூலைத்துண்டு எடுக்கவும் அது வேண்டும். நேர்வெட்டுக்கு வேண்டியதில்லை. ஏன் அதனைக் குறைவாகப் பாவிக்கவேண்டும் என்பதைப் பின்னர் கூறுவோம்.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? அதனைச் சாதாரண மனிதனுக்கு விற்க ஒரு கடை வேண்டுமே. பழைய கடைகளில் மேசைக்குப் பின்னே நின்ற வணிகர் தொழிலாளியுடன்தான் பேசினார். 1960இல் மன்ஹைம் நகரில் ‘பௌஹவுஸ்’, 1968இல் போர்ன்ஹைமில் ‘ஹோர்ன்பாக்’, 1970இல் ஹம்பேர்க்கில் ‘ஓபி’ என்று, எவரும் உள்ளே சென்று எடுத்துப் பார்க்கக்கூடிய அங்காடிகள் தோன்றின. வீட்டுக்காரர் தம் கையாலே செய்யும் பழக்கம் பெருகிற்று.

எம்மவர் 1980களில் இங்கு வந்துசேர்ந்தபோது இந்த அங்காடிகள் எங்கும் பரவியிருந்தன. ஆனால் புகலிடக் கோரிக்கையாளருக்கு வேலை செய்யவே தடை. முகாமின் பொதுக்குளியலறைக்கும் உணவகச் சமையலறைக்கும் அப்பால் ஓடு என்பதை நெருங்கிக் கண்டவர் குறைவு. உணவக மூடுநேரத்தில் மண்டியிட்டுத் தேய்த்தபோது அதன் மூட்டுகளை எம்மவர் அறிந்த அளவுக்கு வேறெவரும் அறிந்திரார். அந்தக் கைகளே பிற்காலத்தில் சொந்த வீட்டுத்தரையைப் பதிக்கின்றன. பட்டதாரிகளும் கணக்காளர்களும் முழங்காற் பட்டை கட்டிக்கொண்டு சாந்தகப்பை பிடிக்கும் காட்சி எமக்கு மகிழ்ச்சியே தருகின்றது. ‘படிக்காவிட்டால் மேசனுக்குச் சாந்து குழைக்கத்தான் போகவேண்டும்’ என்பது எங்கள் ஊர் வகுப்பறைகளில் அடிக்கடி ஒலித்த வெருட்டு. மேசனின் கைத்திறனை நாடிய அதே சமூகம் அவரை விறாந்தைக்கு அப்பால் அழைக்கத் தயங்கியதும் உண்டு. சாந்தகப்பையைத் தாமே பிடித்துப் பார்த்தவர்கள் அந்த மனிதரை இனி எப்படி நினைப்பார்கள் என்பது எழுப்பவேண்டிய வினா.

சட்டத்தின் கதவு அதன்பின்னும் ஆடியது. 2004இல் ஓடு பதித்தல் உட்பட 53 தொழில்களுக்கு ஆசான் தகைமைக் கட்டாயம் நீக்கப்பட்டது. ஓடு பதிக்கும் தனியாள் நிறுவனங்கள் பல மடங்காகப் பெருகின. தொழில் பழகும் இளைஞரோ குறைந்தனர். 2020 பெப்ரவரியில் 12 தொழில்களுக்கு அக்கட்டாயம் மீண்டும் வந்தது. ஓடு பதித்தலும் அவற்றுள் ஒன்று. ஏற்கெனவே தொழில் நடத்தியோரின் உரிமை காக்கப்பட்டது. தம்முடைய வீட்டில் தாமே பதிப்போரை இந்தச் சட்டம் ஒருபோதும் தடுக்கவில்லை. அயலவருக்குக் கூலிக்குச் செய்யத் தொடங்கினால் அது வேறு கதை.

பொதிக்குள்ளும் பல்லுக்குள்ளும் புகாது கையிலே தங்கியது எது? மட்டம். எகிப்திலே தெய்ர் எல் மெதினா என்ற தொழிலாளர் ஊரில் செனெட்ஜெம் என்பவரின் கல்லறையிலிருந்து 3,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மூன்று கருவிகள் எடுக்கப்பட்டன: மூலைமட்டம், தூக்குக்குண்டு, நடுவிலே குண்டு தொங்கும் முக்கோணச் சட்டம். இன்று எமக்கு வேண்டியவையும் அவைதாம். எமது நெடுநல்வாடையிலும், நண்பகலில் நிழல் சாயாத வேளை பார்த்துத் திசை குறித்து, நூல் பிடித்து அரண்மனைக்கு இடம் வகுக்கும் செய்தி கூறப்படுகின்றது. நூல் பிடித்தல் என்பது அத்துணைப் பழையது. 1661இல் பிரெஞ்சுக்காரரான தெவனோ, மதுசாரம் நிரப்பிய கண்ணாடிக் குழாயிலே ஒரு காற்றுக்குமிழியை அடைத்து இன்றைய நீர்மட்டத்துக்கு வழிவகுத்தார். எங்கள் ஊர் மேசன்மார் நீர் நிரப்பிய தெளிந்த குழாயின் இரு நுனிகளைப் பிடித்தே இரண்டு அறைகளுக்கு மட்டம் பார்த்தனர். நீர் பொய் சொல்லாது என்பதால், இன்றைய லேசர்க் கருவியைச் சோதிக்கவும் அதையே பாவிக்கலாம்.

நீர்மட்டத்தை வாங்குமுன் கடையிலேயே சோதியுங்கள். ஒரு தட்டின்மேல் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பாருங்கள். பின்னர் இடம்வலமாகத் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி முன்போலவே நில்லாவிட்டால் அந்த மட்டம் கோணல். அறுபது சதமமீற்றருக்குக் குறைந்ததும் வேண்டாம். தரையிலே நீண்ட மட்டப்பலகையை எல்லாத் திசைகளிலும் வைத்துப் பார்த்து, பள்ளத்தைச் சமன்செய்யும் சாந்தால் நிரப்பி, அது காய்ந்தபின்பே பல்லகப்பையைத் தொடவேண்டும். விற்றுறூவியஸ் மூன்று அடுக்கைப்பற்றி அவ்வளவு எழுதியது இதற்காகத்தான். மெல்லிய சாந்து பழைய தடித்த சாந்தைப்போல் பள்ளமேட்டை விழுங்காது. இப்போது வழக்கிலுள்ள 60 சதமமீற்றர்ப் பேரோடுகள் கீழ்த்தரையின் ஒவ்வொரு குறையையும் விளிம்பிலே காட்டிக்கொடுக்கும். பிளாஸ்ரிக் சிலுவையும் சமன்செய்யும் ஆப்புகளும் ஓடுகளை ஒன்றோடொன்று நேராக்குமேயன்றிக் கோணலான தரையை நேராக்கா. பொழிகுளியல் பகுதியில் ஓட்டுக்கு முன் நீர்த்தடுப்புப் பூச்சும் இடவேண்டும். ஓடு நீரைத் தடுத்தாலும் மூட்டு தடுக்காது.

மேலே தள்ளிவைத்த செய்திக்கு வருவோம். ‘ஃப்ளெக்ஸ்’ கொண்டு உலர் ஓட்டை வெட்டும்போது எழும் வெண்புகையில் சிலிக்காத் தூள் உண்டு. அது நுரையீரலின் அடிவரை சென்று தழும்பை உண்டாக்கும், தழும்பு ஆறுவதில்லை. 1556இல் வெளிவந்த சுரங்கத்தொழில் நூலிலே ஜேர்மன் அறிஞர் அக்றிக்கோலா, தூசியாற் கணவர்களை இழந்து, ஒருவர்பின் ஒருவராக ஏழு பேரை மணந்த பெண்கள் காப்பாத்தியன் சுரங்க ஊர்களில் இருந்தனர் என்று எழுதினார். ஆகவே நேர்வெட்டுக்குக் கைவெட்டி. வளைவுக்கு நீர் சொட்டும் வெட்டி, அல்லது வெளியிலே நின்று ‘எஃப்.எஃப்.பி. 3’ தர முகக்கவசத்துடன் வெட்டுதல்.

அதைவிட ஆபத்தானது பழையதை உடைப்பது. ஜேர்மனியில் அஸ்பெஸ்ரசுக்கு முற்றான தடை வந்தது 1993இல். அதற்கு முற்பட்ட வீடுகளிலே 25 அல்லது 30 சதமமீற்றர்ச் சதுரமான பிளாஸ்ரிக் தரைத்தகடுகளிலும், அவற்றின் கீழுள்ள கரிய பசையிலும், சில ஓட்டுச்சாந்துகளிலும் அது இருக்கக்கூடும். எம்மவர் வாங்கக்கூடிய விலையில் கிடைப்பவை பெரும்பாலும் அந்தக் காலத்து வீடுகளே. சுத்தியலும் உளியும் எடுக்குமுன், ஓடும் சாந்தும் சேர்ந்த மாதிரியை எப்படி எடுப்பது என்பதை ஆய்வுகூடத்திடமே கேட்டு, சோதித்துக்கொள்ளுங்கள். இருப்பது தெரிந்தால் அதற்குரிய தகைமை பெற்ற நிறுவனத்தையே அழைக்கவேண்டும். பிள்ளைகள் உறங்கும் வீட்டில் இதிற் சிக்கனம் பார்க்கலாகாது.

எனவே வண்டியில் ஏற்றவேண்டியவை: ஓட்டின் அளவுக்கேற்ற பல்லகப்பை, நேரான சிறு சாந்தகப்பை, சரியான நீர்மட்டம், மட்டப்பலகை, மூலைமட்டம், நூல், நல்ல சக்கரமுள்ள கைவெட்டி, குறடு, துளைபொறியிற் பூட்டும் கலக்குதடி, இரண்டு வாளிகள், இறப்பர்ச் சுத்தியல், சிலுவைகள், மூட்டு நிரப்பும் இறப்பர்ப் பலகை, பெரிய பஞ்சு, முழங்காற் பட்டை, கண்ணாடி, முகக்கவசம். நீர்வெட்டி போன்ற பெரியவற்றை நாள்வாடகைக்கு எடுக்கலாம். சுவரும் தரையும் சந்திக்கும் மூலைகளில் மூட்டுச்சாந்து வேண்டாம், அது வெடிக்கும், அங்கே சிலிக்கன்.

மூட்டுச்சாந்து நிரப்பியபின் பஞ்சை நன்றாகப் பிழிந்து மூட்டுக்குக் குறுக்காக மூலைவாட்டில் துடைக்கவேண்டும். ஈரம் கூடினால் சாந்து கழுவுண்டு போகும். கழுவிய நீரைக் குளியலறை வடிகாலில் ஊற்றவேண்டாம். சீமெந்து குழாயின் வளைவிலே படிந்து இறுகிவிடும். வாளியை ஒரு இரவு அப்படியே வைத்தால் சாந்து அடியிலே படியும். மறுநாள் மேலேயுள்ள தெளிவை மெதுவாக வேறாக்கி, அடியில் இறுகியதைக் கட்டடக்கழிவுடன் சேர்த்துவிடலாம்.